தூசியில்லாத சோளம்

அந்த மேலாளர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கக் கூடாது. இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. பெருந்தன்மையான பேச்சு வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். இது என் அக்காவின் கதை. அவள் மாடியில் இருக்கிறாள், நான் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன்.

ஆலையில் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குத்தூசி என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தித் தானியத்தை உருவி எடுக்க ஒரு கூரான இரும்புக் குழாய் உண்டு, அதன் பெயர் அது. பதினெட்டு வருஷம் அதைக் கையில் பிடித்ததில் அவள் வலது உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. அவள் வாயும் குத்தூசிதான் என்று ஆலையில் சொல்வார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை.

குழந்தைகளுக்குச் சத்துமாவு தயாரிக்கும் ஆலை அது. சோள லாரி வாசலில் வந்து நின்றதும் அக்கா மேலே ஏறுவாள். ஓட்டுநர்கள் குழைவார்கள். "ஏன்க்கா கஷ்டப்படறீங்க, இந்த ஓர மூட்டையில எடுத்துக்கங்க." அக்கா கேட்க மாட்டாள். "ஓரத்துல நீ என்ன வச்சிருக்கன்னு உனக்குத் தெரியும். நடுவுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். மூட்டையை நகர்த்து." அடி மூட்டை, நடு மூட்டை, மூலை மூட்டை என்று லாரிக்கு இருபது இடமாவது குத்தாமல் இறங்க மாட்டாள்.

எடுத்த சோளத்தை இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதியை அரைத்துத் தண்ணீரில் குலுக்கி, அதில் ஒரு காகிதப் பட்டையை நனைப்பாள். ஐந்து நிமிஷத்தில் பட்டையில் ஒரு கோடு வந்தால் லாரி உள்ளே போகலாம். இரண்டு கோடு வந்தால் மரபணு மாற்றிய சோளம் கலந்திருக்கிறது, லாரி வந்த வழியே திரும்ப வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இதில் தினம் ஒரு கேலி. "என்னக்கா, ரெண்டு கோடா? எத்தனை மாசம்?" அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாசமா இருக்கறது லாரிடா. அப்பன் யாருன்னு டிரைவரைக் கேளு" என்பாள்.

மறு பாதியை அப்படியே கண்ணாடி ஜாடியில் போட்டு, அரக்கு வைத்து, முத்திரை குத்தி, லாரி எண்ணும் தேதியும் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு ஓட்டுநரிடமும் வாங்குவாள். பின்னால் தகராறு வந்தால் பார்ப்பதற்காக அந்த ஜாடி ஒரு வருஷம் அலமாரியில் இருக்கும்.

மாமாவை அவள் கண்டுபிடித்ததும் அந்த வாசலில்தான். அவரும் லாரி ஓட்டுநர். மூன்று தடவை அவர் லோடைத் திருப்பி அனுப்பினாள். நான்காம் தடவை அவர் லோடு இல்லாமல் வந்து கல்யாணத்துக்குக் கேட்டார். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை, மறுபடியும் இரண்டு கோடு. புது மாப்பிள்ளை என்றும் பாராமல் திருப்பி அனுப்பினாள். "வீட்டுல சோறு உண்டா, அதையும் சோதிச்சிட்டுத்தான் போடுவியா?" என்று அவர் லாரியிலிருந்து கத்தியதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. கைக்குழந்தைக்காரிகள் கடையில் வாங்கிய பாக்கெட்டை நேரே மாடிக்குத்தான் எடுத்து வருவார்கள். பின்பக்கம் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, இது வாங்கலாம், இது வேண்டாம், இதில் என்ன எழுதியிருக்கிறான் என்று எனக்கே புரியவில்லை என்பாள். மரபணு மாற்றியதைத் தின்றால் வியாதி வருமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "அது எனக்குத் தெரியாது. படிச்சவங்களே ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்றாள் அக்கா. எதிர்வீட்டுக்காரி அதற்கு, "கெடுதலோ நல்லதோ, சொல்லிட்டுக் குடுக்கட்டும். என் பிள்ளை வாயில என்ன போகுதுன்னு நான் முடிவு பண்ணிக்கறேன்" என்றாள். அக்கா அவள் பக்கம்தான். அக்காவின் ஆலை மாவுப் பாக்கெட்டின் முன்பக்கம் பச்சை எழுத்தில் 'மரபணு மாற்றம் இல்லாத சோளம்' என்று இருக்கும். அந்த வரியைத் தானே எழுதியது போலக் காட்டுவாள்.

இந்த இடத்தில்தான் கொள்முதல் மேலாளர் வருகிறார். நடந்து போனால் பத்து நிமிஷத்துக்கு வாசனை நிற்கும். ஆளைவிட அவர் சட்டைக்கு இஸ்திரி அதிகம். வெளியாள் கண்ணில் படுவது எதுவானாலும் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வரவேற்பறை மேஜையில் ஒரு ஜாடிச் சோளம் வைத்திருப்பார், ஒவ்வொரு மணியும் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு வரும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு அப்போது பத்து மாசம். மத்தியானம் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. நான் பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னேன். அவள் அப்போதுதான் ஒரு லாரியை முடித்திருந்தாள். இரண்டு கோடு. பதிவேட்டில் திருப்பி அனுப்பு என்று எழுதினாள், ஓட்டுநரிடம் சொன்னாள், மேலாளரிடமும் சொன்னாள். ஜாடிக்கு அரக்கு வைத்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி வந்தாள். டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, சோப்பாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், சாப்பாடாகவும் இருக்கலாம் என்று சொல்லி மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அக்கா வாசலைத் தாண்டியதும் அந்த லாரி உள்ளே போயிருக்கிறது. வெளியே வேறு எங்கேயும் எடுக்காத சரக்கு, மேலாளருக்கு மலிவாகக் கிடைத்தது.

மூன்று மாசம் கழித்து நுகர்வோர் சங்கத்துக்காரர்கள் கடைகளில் மாவுப் பாக்கெட் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பச்சை எழுத்து பொய் என்று செய்தித்தாளில் வந்தது. தெருவே கொதித்தது. கடைக்காரர் பாக்கெட்டுகளை உள்ளே ஒளித்து வைத்தார். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் அந்தப் பாக்கெட் பாதி காலியாக இருந்தது. நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் எடுத்து, அப்புறம் மறுபடியும் போட்டேன். எத்தனை மாசமாக ஊட்டியிருக்கிறேன்!

நாலாம் நாள் ஆலைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள், செய்தித்தாளிலும் போட்டார்கள். மாதிரி எடுக்கும் ஊழியர் அன்று அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், மேல்வரிசை மூட்டைகளில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, ஒரு கோடு என்று கையெழுத்திட்டிருக்கிறார், அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது. பதிவேட்டில் அக்கா எழுதிய பக்கம் இல்லை. புதுப் பக்கம் ஒன்று, அதில் அவளுடையது போலவே ஒரு கையெழுத்து. லாரி ஓட்டுநர் போனையே எடுக்கவில்லை. முத்திரையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மாமா பக்கத்தில் நின்றார். நான்தான் கேட்டேன். இந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

"அக்கா, நான் போன் பண்ணின அவசரத்துல... ஒருவேளை மேலாக்க எடுத்துட்டியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமாதான் பேசினார். "என்னம்மா கேக்கற? என் லோடையே திருப்பி அனுப்பினவ இவ."

"இல்ல மாமா, தப்புன்னு சொல்லல. பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா யாருக்கும் கை ஓடாதுல்ல..."

அக்கா எழுந்து, குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாடிக்குப் போனாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பிள்ளையை மட்டும் வந்து தூக்கிக்கொண்டு போவாள், கொண்டுவந்து விடுவாள். தெருவில் யாரும் பாக்கெட்டோடு மாடியேறவில்லை. ஒருநாள் கடையில் அக்கா நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரி தன் கையிலிருந்த பாக்கெட்டை முந்தானைக்குள் மறைத்ததை நானே பார்த்தேன். அந்த நிமிஷம் மேலாளர் எதிரே வந்திருந்தால் கடைத் தராசால் அடித்திருப்பேன்.

அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. கறுவினாள். சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, அதே மாவை வாங்கியவள் என்ற முறையில் நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தாள். நஷ்டஈடு எவ்வளவு என்று அவர் கேட்டதற்கு, "எழுதாதீங்க. அந்த ஆள் என் கண்ணைப் பார்த்து, நீ குத்தினது அடி மூட்டையைத்தான்னு சொல்லணும். எனக்கு அது போதும்" என்றாளாம். விசாரணைக்கு அந்த லாரியின் ஜாடியும், அதற்கு முன்னால் வந்தது பின்னால் வந்தது என்று இன்னும் இரண்டு ஜாடியும் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதிக் கேட்டாள்.

விசாரணைக்கு முதல் நாள் நான் மாடியேறினேன். எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது, அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, பிள்ளைக்கு உடம்பு தடிச்சது அந்த மாவாலதான்னு சொல்லிடு. நானும் வந்து சொல்றேன். அவன் கம்பி எண்ணட்டும். உன் மேல கொஞ்சம் தப்பு இருந்தாலும் யாரும் அதைப் பேச மாட்டாங்க."

மாசக்கணக்கில் பேசாதவள் அன்று பேசினாள்.

"உன் பிள்ளைக்கு உடம்பு தடிச்சப்ப அந்த லாரி இன்னும் வாசல்லயே நின்னுது. அந்தச் சோளம் மாவாகவே இல்ல. உனக்குத் தேதிகூடத் தெரியாது, சாட்சி சொல்ல வர்ற."

நான் படியிறங்கத் திரும்பினேன்.

"அவனைக் கழுத்தை நெரிச்சுடலாமான்னு இருக்குடி எனக்கு. உன்னைவிட எனக்குத்தான் ஆத்திரம். ஆனா நடக்காததுக்குக் கையெழுத்து போட்டவன் அவன். நானும் போட்டா அப்புறம் நான் யாரு?" என்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

மன்றம் என்றால் பெரிய மண்டபம் இல்லை. ஒரு நீள மேஜை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி அக்கா வயதுப் பெண்மணி. மேலாளர் மூன்று ஜாடிகளையும் கைக்குட்டையால் துடைத்து வரிசையாக வைத்தார். வாசனை அறை முழுக்கப் பரவியது.

ஆலை வக்கீல் அந்த லாரியின் ஜாடி முத்திரையை உடைக்கச் சொன்னார். எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு கைப்பிடியை அரைத்துப் பட்டையை நனைத்தார்கள். ஐந்து நிமிஷம் ஆனது. ஒரு கோடு.

மேலாளர் கையை விரித்தார். "மேடம், மாவுல கலப்படம் இருக்கு. ஆனா இந்த அம்மா எடுத்த மாதிரி சுத்தமா இருக்கு. அப்ப எங்க குத்தியிருப்பாங்க? கைக்கு எட்டின நல்ல மூட்டையில. பாவம், வீட்டுல குழந்தைக்கு முடியல. எங்களுக்கும் புரியுது."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் இருக்கிறதே! ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் என் மனசு, சரிதான், அக்கா மேலாக்கத்தான் எடுத்திருக்கிறாள் என்றது. மறுபடியும் நம்பினேன். இரண்டாம் தடவை.

அக்கா எழுந்தாள். ஜாடியைக் கையில் எடுக்கவில்லை, எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. லாரியில் தகிடுதத்தம் கண்டுபிடிக்கும்போது வரும் சிரிப்பு அது, எனக்கு அடையாளம் தெரியும்.

"அம்மா, மிச்சச் சோளத்தை இந்த வெள்ளைக் காகிதத்துல கொட்டுங்க. கொட்டிட்டு, கையை உள்ள விட்டு நல்லா அளையுங்க."

அதிகாரி அளைந்தார்.

"உங்க கையைப் பாருங்க. என்ன ஒட்டியிருக்கு?"

"ஒண்ணுமில்லையே."

"இப்ப அந்த ரெண்டு ஜாடியையும் அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டும் நான் அரக்கு வச்சது."

இரண்டாவது ஜாடியைக் கொட்டியதுமே மேஜையில் புகைபோலத் தூசி எழும்பியது. அதிகாரி இருமினார். கதிர்ச் சக்கை, உமி, உடைந்த மணி, சணல் நார், செத்த வண்டு ஒன்று. மூன்றாவதிலும் அப்படியே. அதிகாரியின் கை மணிக்கட்டுவரை வெளுத்துவிட்டது.

"இதான்மா லாரிச் சோளம். அடி மூட்டையோ மேல் மூட்டையோ, தூசி இல்லாம ஒரு மணி வராது. சாக்குக்குள்ள குத்தூசி போய்ட்டு வந்தா ஒரு நாராவது ஒட்டிக்கிட்டு வரும். பதினெட்டு வருஷத்துல இவ்வளவு குளிச்சு முழுகின சோளத்தை எந்த லாரியிலயும் நான் பார்க்கல. இது ஆலைக்குள்ள, சுத்தம் பண்ற மிஷின்ல இறங்கினது. நான் எடுக்கறது வாசல்ல. மிஷினுக்குப் பின்னாடி எனக்கு வேலையே கிடையாது."

மேலாளர் இழுத்தார். "சில லாரி... நல்லா..."

"எந்த லாரி? எண் சொல்லுங்க, என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கறேன்."

அதிகாரி சுத்தம் செய்யும் மிஷின்காரரை வரவழைத்தார். அவர் பயந்த மனுஷன், வந்ததும் உண்மையைக் கொட்டிவிட்டார். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் மேலாளர் காலி ஜாடியோடு வந்தாராம். முதலில் மிஷினுக்கு முன்னால் கிடந்த மூட்டையிலிருந்துதான் அள்ளிக் கொடுத்தாராம் இவர். மேலாளர் முகத்தைச் சுளித்து, "வெளியாளுங்க பார்க்கப் போறாங்கய்யா, இவ்வளவு அழுக்காவா குடுப்ப?" என்று அதைக் கொட்டச் சொல்லிவிட்டு, மிஷினில் இறங்கியதை வாங்கிக்கொண்டு போனாராம்.

முதலில் அள்ளிய அந்த மூட்டைச் சோளத்தையே போட்டிருந்தால் என் அக்கா ஆயுசுக்கும் அவசரக்காரி என்ற பெயரோடு இருந்திருப்பாள்.

அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தச் சோளத்தால குழந்தைகளுக்குக் கெடுதல்னு சொல்றீங்களா?" "அது என் பட்டைக்குத் தெரியாதும்மா, எனக்கும் தெரியாது. இல்லைன்னு எழுதி வித்தாங்க, இருந்தது. அதை நான் தடுத்தேன். தடுக்கலைன்னு என் கையெழுத்தைப் போட்டாங்க. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆலை எல்லாப் பாக்கெட்டையும் திரும்ப வாங்கியது, செய்தித்தாளில் மன்னிப்புக் கேட்டது, அக்காவைத் திரும்பக் கூப்பிட்டது. மேலாளருக்கு வேலை போனது, கையெழுத்து விவகாரத்துக்குத் தனி வழக்கும் வந்தது. தீர்ப்பன்று தாழ்வாரத்தில் அவர் அக்காவின் எதிரே வந்து நின்றார். இஸ்திரி கலைந்திருந்தது.

"நீங்க அடி மூட்டையிலதாம்மா எடுத்தீங்க. எனக்குத் தெரியும். எனக்கும் குடும்பம் இருக்கு, பார்த்துச் சொல்லுங்க."

"கையை நீட்டுங்க" என்றாள் அக்கா. தன் பைக்குள் கையை விட்டு, விசாரணையில் மிஞ்சிய லாரிச் சோளத்தில் ஒரு பிடி எடுத்து, அவர் உள்ளங்கையில் போட்டு, விரல்களை மூடி, அழுத்தித் தேய்த்துவிட்டாள். வெள்ளைச் சட்டைக் கை முழுக்கத் தூசி இறங்கியது. "அடுத்த தடவை இதைப் போடுங்க" என்றாள். எனக்கு அங்கேயே கைதட்டத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் நான் மாடியேறினேன். வாய் நிறையச் சிரிப்போடு போனேன், அந்த மேலாளரைப் பற்றிப் பேசப் பேச எனக்கு அலுக்கவில்லை. அக்கா ஜாடிச் சோளத்தைப் பையிலிருந்து உதறிக்கொண்டிருந்தாள்.

"அவன் பொய் சொன்னதுல எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள், நிமிராமல். "அவன் யாரு எனக்கு? ஊரு நம்பினதும் சரி, அவங்களுக்கு என்ன தெரியும். நீ கேட்டல்ல?"

"தப்புதாங்க்கா. மன்னிச்சிடு."

"அவன் கேட்டா மன்னிச்சாலும் மன்னிப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது. என் வீட்டில் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், தெருப்பெண்கள் பாக்கெட்டோடு பழையபடி மாடியேறுகிறார்கள். பார்க்கிறவர்கள் நாங்கள் ராசியாகிவிட்டோம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் நான் சொல்லும் எதையும் அவள் தானே பார்க்காமல் நம்புவதில்லை. மழை வருது அக்கா என்றால் ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டுகிறாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் போய் இழுத்துப் பார்க்கிறாள். கோபமாக இல்லை, சாதாரணமாக. இரண்டு வருஷமாகிறது.

நேற்று, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது அக்கா என்று கீழிருந்து குரல் கொடுத்தேன். சரி என்றாள். பிறகு படியிறங்கி வந்து, அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மேலே போனாள்.